லெஸ் சார்ஜ் வந்த மப்ளர்கள்

அன்று செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி கந்தப்ப முதலியார். அவருடைய மனைவியின் தம்பி சடையப்பர். நெசவுத் தெரு வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர். உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர். அவருடைய குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்த பியூன். ஒரு தெருவில் துணிக்குக் குஞ்சம் முடிகிற பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த பாவாயி. அவள் முதலில் இல்லை, பாதியில் வந்தாள். ஆறாவது ஆள் நான். ஜட்கா வண்டிக்காரன் வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். அவன் உள்ளே வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படி ஆளை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு சேலம் கடைவீதியில் இந்த விஷயத்தைப் பலர் நேரில் பார்த்ததுபோலச் சொன்னார்கள். எனக்கு விலங்கு போட்டுக் கூட்டிப் போனதாக ராசிபுரத்தில் ஒருவர் சொன்னாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்துவிடுமோ என்று நான் பயந்தது மட்டும் நிஜம்.

கையெழுத்து

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பார்த்து எழுதுவேன். முதலியார் கடையில் அதுவே பெரிய படிப்பு. அதனால் சீமைச் சரக்கு, ஜப்பான் சரக்கு எது மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினாலும் என்னைத்தான் ரயிலேற்றி அனுப்புவார்கள். அங்கே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் இருந்தார். இன்ன சரக்கு என்று கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்கிற பில் ஆஃப் என்ட்ரியை அவர் ஆட்கள் எழுதுவார்கள். அடியில், மேலே கண்டதெல்லாம் உண்மை என்று ஒரு டிக்ளரேஷன் இருக்கும். அதில் கையெழுத்துப் போடுவது என் வேலை. போடும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பேனாவை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் போடுவேன்.

இருபதுகளின் கடைசி. அந்த வருஷம் ஜப்பானிலிருந்து எட்டு பேல், அதாவது எட்டுப் பெரிய கட்டு, பருத்தி மப்ளர் வரவழைத்திருந்தோம். மார்கழி பிறந்துவிட்டால் நாமக்கல் பக்கம் ஏற்றம் இறைக்கிறவரிலிருந்து பார வண்டி ஓட்டுகிறவர்வரை காதைச் சுற்றி ஒன்று வேண்டும். இங்கே அதை யாரும் நெய்யவில்லை, அதனால் தறிக்காரர்களுக்கும் எங்கள்மேல் வருத்தம் கிடையாது.

அந்த மப்ளர் எப்படி வரும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒவ்வொன்றாக வராது. பன்னிரண்டு மப்ளர் ஒரே நீளத் துணியாகச் சேர்ந்து வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் இடம் குறுக்கே ஊடை இல்லாமல் நீளவாக்கில் பாவு நூல் மட்டும் ஓடும். அந்த இடத்தின் நடுவில் கத்திரி வைத்தால் இரண்டு பக்கமும் நூல் தொங்கும். தொங்குகிற நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் குஞ்சம். அப்போதுதான் அது கழுத்தில் போடுகிற மப்ளர். அதுவரை அது துணி.

கஸ்டம்ஸ்காரர்களுக்குத் துணி ஒரு இனம், உடுப்பு வேறு இனம். உடுப்புக்கு வரி அதிகம். மெட்ராஸில் சரக்கை மதிப்பிடுகிற அப்ரைசர் ஒரு பேலைப் பிரித்து, ஒரு நீளத்தை இரண்டு கை இழுத்துப் பார்த்தார். "பீஸ் கூட்ஸ்", அதாவது துணி என்று எழுதிவிட்டு அடுத்த சரக்குக்குப் போனார். நாங்களும் அப்படித்தான் டிக்ளேர் செய்திருந்தோம். வரியைக் கட்டி, எட்டு பேலையும் ரயிலில் ஏற்றி, சேலத்து ரயிலடியான சூரமங்கலத்தில் இறக்கிக்கொண்டோம். ஐந்து பேல் உடனே விற்றுப்போயிற்று. மூன்று கிடங்கில் இருந்தது.

டஜன்

பிறகு ஒரு நாள் மெட்ராஸிலிருந்து ஒரு கவர் வந்தது. முதலாளி அதைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"என்னப்பா எழுதியிருக்கான்?"

இரண்டு தடவை படித்தேன். எங்கள் இன்வாய்ஸைத் தணிக்கை செய்தவர்கள், அதில் கெஜக் கணக்கு இல்லாமல் டஜன் கணக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். டஜனில் விற்கிற சாமான் உடுப்புத்தான், துணி அல்ல என்பது அவர்கள் கட்சி. ஒரு நீளத்துக்குப் பன்னிரண்டு என்பதால் ஜப்பான்காரன் டஜன் என்று போட்டான், அவ்வளவுதான். குறைவாகக் கட்டிய வரிக்கு லெஸ் சார்ஜ் என்று பெயர். எட்டு பேலுக்கும் நூற்றுப் பதினைந்து ரூபாய் கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, பொய்யான டிக்ளரேஷன் கொடுத்ததற்கு ஏன் அபராதம் போடக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது.

"நூத்திப் பதினஞ்சு ரூவாய்க்கு நான் பயப்படல" என்றார் முதலாளி. "பொய் டிக்ளரேஷன்னு எழுதியிருக்கானே, அதுல கையெழுத்து ஆரோடது?"

"என்றதுங்க."

"அதான் கேட்டேன்." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "முதலியாரு கள்ளத்தனமாச் சரக்கு எறக்கறாருன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துதுன்னா, அப்பறம் உன்னைய வெச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியாது. சொல்லலைன்னு சொல்லாதே."

அப்போது எனக்குச் சம்பளம் பதினெட்டு ரூபாய். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், கோர்ட்டுக்கு இழுப்பார்களா என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். அவர் "இழுக்கவும் இழுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பொடி போட்டுக்கொண்டார். அந்த ஒரு "லாம்" என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நான் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் என் மனைவிக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"செயிலுக்குப் போறவரு இப்பவே ரசஞ்சோத்தை வேண்டாம்னா எப்பிடீங்க?" என்றாள். "அங்க போனா களிதானாம். இருக்கறப்பத் தின்னுக்கோங்க."

நாங்கள் பதில் எழுதினோம். சரக்கு துணியாகவே வந்தது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று. கஸ்டம்ஸுக்குச் சேலத்தில் ஆள் இல்லை. அதனால் கைவசம் உள்ள மூன்று பேலையும் உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார் என்று பதில் வந்தது. முதலாளிக்கு அப்போதே பாதிக் கவலை தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. மூன்றைக் காட்டிவிடலாம், விற்ற ஐந்துக்கும் ஆதாரம் கேட்டால் என்ன செய்வது என்று ஆரம்பித்தேன்.

"சரி, நாமக்கல்லுப் பக்கம் போயி, வாங்குனவங்ககிட்ட வெட்டாத நீளம் ஒண்ணு ரெண்டு இருந்தா வாங்கிட்டு வா" என்றார் முதலாளி. "இல்லாட்டி நீயும் தூங்க மாட்டே, என்னையும் தூங்க உட மாட்டே." அவர் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு கிளம்பினார். கிடங்கைச் சடையப்பர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

புதன்சந்தை

மோட்டார் பஸ்ஸில் புழுதியைத் தின்றுகொண்டு போனேன். ராசிபுரத்தில் ஒரு நீளம்கூட இல்லை. நாமக்கல்லில் இல்லை. புதன்சந்தையில் எங்களிடம் ஒரு பேல் வாங்கிய வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெட்டாம வெச்சிருக்கறதுங்களா? எதுக்குங்க? ஒரே மப்ளரைப் பன்னண்டு பேரு கழுத்துல சுத்திக்கிட்டு வரிசையா நடந்து போறதுக்குங்களா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே சமாதானம்தான்: கிடங்கில் மூன்று பேல் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் பிரித்துப் பார்த்தால் நீளமாக வரும். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும். மனசுக்குள் இங்கிலீஷில் ஒரு பதில்கூடத் தயார் செய்துகொண்டேன்.

சடையப்பர் செய்த மரியாதை

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில்தான் சேலம் வந்து சேர்ந்தேன். நேராகக் கிடங்குக்குப் போனேன். தரையெல்லாம் கூட்டி, ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் ஸ்டூல்மேல் சொம்பு நிறைய மோர். சுவர் ஓரமாக மப்ளர்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் அழகாகக் குஞ்சம் முடிந்து, நான்காக மடித்திருந்தன.

"ஏனுங்க, இதென்னுங்க?" என்றேன்.

சடையப்பர் என்னைப் பார்த்து மலர்ந்தார். "எப்பிடி இருக்குது? ரெண்டு நாளா ரெண்டு தெருவையே உக்கார வெச்சுட்டமல்ல. மெட்ராஸ்காரன் சரக்கைப் பத்திக் கொறை எழுதியிருக்கான்னு மச்சான் சொன்னாரு. அதிகாரி வந்து பாக்கறப்ப நூலுந் தொங்கலுமாக் காட்டுனா, நெசவுக்காரன் கடையின்னு ஆரு சொல்லுவா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பிறந்து வளர்ந்த தெருவில் முடிக்காத துணியை வெளியாள் கண்ணில் காட்ட மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தலை சீவாமல் வந்து நிற்பதுபோல அது ஒரு கூச்சம். தறியிலிருந்து அறுத்த துணியைக் கஞ்சி போட்டு, பிசிறு எடுத்து, முந்தி முடிந்து, மடித்துத்தான் வியாபாரி கையில் கொடுப்பார்கள். வருவது அதிகாரி. அவருக்கு இன்னும் ஒரு படி மேலே செய்திருந்தார்.

"அது மட்டுமில்ல" என்றார். "ஒவ்வொரு நீளத்துலயும் மொத மப்ளர்ல கறுப்பு மசியில இங்கிலீசு முத்திரை ஒண்ணு குத்தியிருந்துது. அசிங்கமா இருந்துது. ஒரு பேலுக்கு நல்லாச் சவுக்காரம் போட்டுத் தேச்சு எடுத்தாச்சு. அடுத்த பேலுக்குச் சவுக்காரம் தீந்துபோச்சு."

அது கெஜ முத்திரை. வெளிநாட்டுத் துணி ஒவ்வொரு நீளத்திலும் இத்தனை கெஜம் என்று குத்தியிருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். துணி என்பதற்கு இருந்த அடையாளத்தை மெனக்கெட்டுத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில் முதலாளி திருச்செங்கோட்டிலிருந்து வந்து சேர்ந்தார். நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம் அப்படியே இருந்தது. அடுக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, உன்னைய நான் ஒண்ணுஞ் சொல்லல" என்றார். "சொல்ற தெம்பு எனக்கு இல்ல."

"ஏன் மச்சான், முடிச்சு நல்லால்லீங்களா?"

நான் அடுக்குகளை எண்ணினேன். இரண்டு பேலுக்குத்தான் வந்தது. "மூணாவது எங்கீங்க?" என்று சடையப்பரைக் கேட்டேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அதுவும் ஆயிடும்" என்றார். மேலே கேட்பதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது.

பரிசோதனை

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தார், மோரை வேண்டாம் என்றார். பியூன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதங்களைப் புரட்டினார். பிறகு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து உதறினார்.

"இது என்னய்யா?"

"மப்ளருங்க" என்றேன்.

"கழுத்துல போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாமுங்க."

"அப்புறம் இது உடுப்பு இல்லைன்னு எப்படி டிக்ளேர் பண்ணினீங்க?"

பஸ்ஸில் தயார் செய்த இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. தமிழிலேயே தட்டுத் தடுமாறிச் சொன்னேன். வரும்போது நீளமாக வந்தது, நாங்கள்தான் வெட்டினோம் என்று.

"எப்போ வெட்டினீங்க?"

"முந்தா நாளும் நேத்துமுங்க."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நான் பார்க்க வரேன்னு கடுதாசி வந்தப்புறம் வெட்டியிருக்கீங்க. இதை நான் எப்படி எழுதறது, நீரே சொல்லும்."

வெட்டிய மப்ளரைக் காட்டி இது வெட்டாமல் வந்தது என்று சொல்கிறவனை நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அவர் மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். "மூணு பேல் கைவசம்னு இருக்கு. இங்க ரெண்டுதானே இருக்கு?"

சடையப்பர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

"அது நீங்க பாக்கற மாதிரி இல்லீங்க. பாவாயின்னு ஒரு பொம்பள, கூலித் தகராறு பண்ணிக்கிட்டு, ஒரு முடிச்சுக்கூடப் போடாம அவ ஊட்டுல போட்டு வெச்சிருக்கறா. பெரிய மனசு பண்ணி அந்த ஒண்ணை உட்டுப்போடுங்க. ரெண்டு நாள் குடுத்தாச் சுத்தமா முடிச்சுக் கொண்டாந்து காட்டறனுங்க."

"வெட்டியாவது இருக்கா?"

"கத்திரியே படலீங்க. அவளைய நான் சும்மா உட மாட்டனுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சடையப்பர் மேலே ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவாரோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

இன்ஸ்பெக்டர் பியூனை அழைத்து, "நீ ஜட்காவுல போய், அந்தப் பேலை அப்படியே ஏத்திண்டு வா" என்றார். "வழியில யாரும் கை வைக்கப்படாது."

பாவாயி

ஜட்கா திரும்பி வந்தபோது பேல்மேலேயே உட்கார்ந்து வந்தாள் பாவாயி. தன்னை விசாரணைக்குக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நாயம் கேக்கத்தானுங்க கூப்பிட்டீங்க? நல்லதாப் போச்சு. கேளுங்க சாமி. இந்த நூலு வெண்ணெய்யாட்ட வழுக்குது. ஒரு முடிச்சுப் போடற எடத்துல ரெண்டு போட்டாத்தான் நிக்குது. டஜனுக்குக் காலணா சேத்துக் கேட்டேன். இவரு சிரிக்கறாரு. சிரிச்சா முடிச்சு நிக்குமுங்களா?"

"வாய மூடு" என்றார் சடையப்பர். "அதிகாரி முன்னால கூலி பேசறா பாரு."

"அதிகாரி முன்னால பேசாம, உங்க முன்னால பேசி என்னத்தைக் கண்டேன்?"

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ இதுல ஒண்ணும் செய்யலையே அம்மா?"

"தொடவே இல்லீங்க. என்ற தெருவுல ஒருத்தியையும் தொட உடலீங்க. காலணா ஏறாம கத்திரி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"ரொம்ப நல்லது பண்ணினே."

"கேட்டீங்களா?" என்று சடையப்பரைப் பார்த்துச் சொன்னாள். "சாமியே சொல்லிப்போட்டாரு."

பேலை அவிழ்த்து ஒரு நீளத்தை எடுத்து, கிடங்கின் கடைசிச் சுவரில் பியூன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வாசல்வரை வந்தேன், துணி முடியவில்லை. படி இறங்கித் தெருவுக்கு வந்தேன். குதிரை கழுத்தை நீட்டி அதை மோந்து பார்த்தது. பன்னிரண்டு மப்ளர், ஒரே துணி, நடுநடுவே வெறும் நூல். இன்ஸ்பெக்டர் துணியை ஒட்டியே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து வந்தார். தலைப்பில் இருந்த கெஜ முத்திரையைக் குனிந்து படித்தார்.

பிறகு உள்ளே போய், சவுக்காரம் தீர்ந்துபோன பேலின் அடுக்கைக் கலைத்தார். நடுநடுவே ஒரு மப்ளரில் அதே முத்திரை. அதையும் எழுதிக்கொண்டார். தேய்த்து எடுத்த பேலில் ஒன்றும் அகப்படவில்லை.

"டிக்ளரேஷன்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நானுங்க."

"சரியாத்தான் போட்டிருக்கீர்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த பேல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, அதும்மேல உக்காராதீங்க" என்றாள் பாவாயி. "கசங்குனா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாங்க."

புறப்படும்போது இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் கணக்கைச் சொன்னார். பாவாயியின் பேல் துணி. முத்திரை உள்ள பேலும் துணியாக வந்ததுதான். விற்றுப்போன ஐந்தை அவர் பார்க்கவில்லை, அதற்கு மெட்ராஸ் அப்ரைசர் அன்று பிரித்துப் பார்த்து எழுதியதே நிற்கும். தேய்த்து எடுத்த பேலுக்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

"அதுவும் இதே சரக்குதானுங்களே" என்றார் முதலாளி.

"இருக்கலாம். பார்க்காததை நான் எழுத முடியாது, பார்த்ததை எழுதாம இருக்கவும் முடியாது. நான் பார்த்தது குஞ்சம் முடிஞ்ச மப்ளர், முத்திரை கிடையாது." அடுக்கிலிருந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "முடிச்சு நன்னா இருக்கு."

சடையப்பருக்கு அது போதுமாக இருந்தது. அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாவாயிக்குக் காலணா ஏறியது. முதலாளியே அங்கேயே சொல்லி அனுப்பினார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு பல வருஷம் இந்த வேலையைப் பார்த்தேன். ஒன்றை விடாமல் செய்தேன். எந்தச் சரக்கு வந்தாலும், கப்பலிலிருந்து இறங்கியபடியே ஒரு நீளத்தை எடுத்து, லெஸ் சார்ஜ் கேட்கிற கெடு தாண்டும்வரை பெட்டியில் பூட்டி வைப்பேன். வெட்டவும் விட மாட்டேன், துவைக்கவும் விட மாட்டேன். அதிகாரிக்குக் காட்ட வேண்டியது சரக்கு வந்த லட்சணம். நம் கைத்திறமையை வாங்குகிறவர்களிடம் காட்டிக்கொள்ளலாம். கவலைப்படுகிற சுபாவம் எனக்கு அதனால் போய்விடவில்லை. ஆனால் கவலைப்படும்போது போய்த் திறந்து பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி இருந்தது.

பொங்கல் கழிந்து மெட்ராஸிலிருந்து மறுபடியும் ஒரு கவர் வந்தது. முதலாளி பிரிக்காமலேயே என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொய் டிக்ளரேஷன் என்ற பேச்சு அதில் எங்குமே இல்லை. அபராதம் இல்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள மேலிருந்து கீழே இன்னொரு தரம் படித்தேன்.

"சிரிக்கறயே, என்னப்பா எழுதியிருக்கான்?" என்றார்.

"ஏழு பேலைத் தள்ளுபடி பண்ணிட்டானுங்க. ஒரு பேலுக்கு மட்டும் நாம கட்டோணுமுங்க. பாக்கி பதினாலு ரூவா ஆறணா."